கவிழ்த்து வைத்த புத்தகம்

எட்டு அட்டைப்பெட்டிகளுடன் டெம்போ தீயணைப்பு நிலையத்துக்குள் திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, அத்தான் முந்திக்கொண்டார் என்று. வண்டிக் கொட்டகையின் சுவரோரம் அவருடைய ஸ்கூட்டர், அளவுகோல் வைத்து நிறுத்தியது போல நின்றுகொண்டிருந்தது.

அத்தான் என்று அவள் கூப்பிடுவது கணவரின் அண்ணனை. குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவருக்கு ‘நிஜம்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தது அவருடைய தம்பி, அவள் கணவர்தான். யார் என்ன சொல்ல ஆரம்பித்தாலும், “இது நிஜமா நடந்ததா?” என்று கேட்டுவிட்டுத்தான் அவர் காதைக் கொடுப்பார். நடந்தது என்றால் உட்காருவார். இல்லை என்றால் செய்தித்தாளை எடுத்துக்கொள்வார்.

தம்பி நேர் எதிர். தீயணைப்பு வண்டியில் பம்ப் ஆபரேட்டர். படித்ததெல்லாம் நாவல். அதிலும் புது நாவல். எழுதியவர் உயிரோடு இருக்க வேண்டும், புத்தகம் வந்து வருஷம் திரும்பியிருக்கக் கூடாது. அப்படி அவர் வாங்கிச் சேர்த்த நூற்று நாற்பத்து மூன்று நாவல்கள்தான் அந்த எட்டுப் பெட்டிகளில் இருந்தன.

அவர் போய்ப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. ஒரு பஞ்சுக் கிடங்கில் தீ. உள்ளே இரண்டு பேர் தண்ணீர் பீய்ச்சும் ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வெளியே வண்டியின் பம்ப் பலகைக்கு முன்னால் இவர். மார்வலி தொடங்கிய நேரத்தை மருத்துவர் பிறகு கணக்குப் போட்டுச் சொன்னார்: குறைந்தது பத்து நிமிடம் முன்பே தொடங்கியிருக்கும். அந்தப் பத்து நிமிடமும் தண்ணீர் அழுத்தம் காட்டும் முள் இருக்க வேண்டிய இடத்தை விட்டு அசையவில்லை. உள்ளே இருந்த இருவரும் வெளியே வந்து தலைக்கவசத்தைக் கழற்றிய பிறகு, வால்விலிருந்து கையை எடுத்து, வண்டியின் படியில் உட்கார்ந்தார். அதன்பிறகு எழுந்திருக்கவில்லை.

நிலையத்தில் ஓய்வறையை ஒட்டி ஒரு சின்ன அறை பூட்டியே கிடந்தது. அதைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, அலமாரி அடித்து, அவர் பெயரில் படிப்பறை ஆக்கியிருந்தார்கள். அன்று மாலை நான்கு மணிக்குத் திறப்பு. எந்தப் புத்தகங்களை வைப்பது என்று நிலைய அதிகாரி அண்ணனிடம் கேட்டிருந்தார். அண்ணன் பட்டியல் போட்டு, தட்டச்சு செய்து, தன் சொந்த அலமாரியையே காலி செய்துகொண்டு வந்துவிட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு தலைப்புகள். வரலாறு, அறிவியல், வாழ்க்கை வரலாறு, மூளை, பாலங்கள், தேனீக்கள். நாவல் ஒன்றுகூட இல்லை.

முந்தின நாள் போனில் சொல்லியும் விட்டார். “நாவல் வேண்டாம்மா. அவன் பேர் போட்ட அறை. நாலு பேர் வந்து பார்த்தா மதிப்பா இருக்கணும்.”

“சரி அத்தான்” என்று சொல்லி போனை வைத்துவிட்டு டெம்போவுக்குச் சொன்னாள். இருபத்தெட்டு வருஷமாக அவள் அவரிடம் சொன்ன ‘சரி’களில் பாதிக்கு ‘பார்க்கலாம்’ என்றுதான் பொருள்.

இறக்க வந்த இளைஞர்கள் இரண்டு இரண்டு பெட்டியாகத் தூக்கினார்கள். “அண்ணி, இதுல இரும்பா வெச்சிருக்கீங்க?” என்றான் ஒருவன். இன்னொருவன், “டேய், அண்ணனோட நாவல்டா. அழுத்தமாத்தான் இருக்கும்” என்றான்.

அத்தான் தாழ்வாரத்துக்கு வந்தார். பெட்டிகளைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் வந்தால் அதுதான் முதல் வேலை.

“என்னம்மா இது?”

“அவரோட புத்தகம் அத்தான்.”

“அது தெரியுது. நேத்து சரின்னியே?”

“ஒரு அலமாரியில பாதி இடம் போதும்.”

“இடம் இல்லைன்னா சொல்றேன்?” அவர் குரலைத் தாழ்த்தினார். “இங்க பாரு. நான் அவனைக் குறை சொல்லலை. ஆனா இப்ப வர்ற நாவல்ல என்ன இருக்கு? ஒரு ஃபிளாட், நாலு பேரு, யாருக்கும் யாரையும் பிடிக்கலை, கடைசிப் பக்கத்துலயும் ஒண்ணும் தீராது. இங்க இருக்கற பசங்களுக்கு நாலு விஷயம் தெரியணும்மா. எரியறது எப்படி, மனுஷ உடம்பு புகையில என்ன ஆகுது, உலகம் எப்படி நடக்குது. ஒரு நாவல் படிச்சு ஒரு தீயாவது அணைஞ்சிருக்கா, சொல்லு.”

அணைந்ததாக அவளுக்குத் தெரிந்து இல்லை. அவள் ஒரு மருத்துவமனையில் பதிவேட்டுப் பிரிவில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க உண்மையான தாள்களைத் தொடுகிறவள். அத்தான் கொடுத்த தேனீப் புத்தகத்தை இரண்டு முறை படித்தவள். உண்மையை அவள் குறைத்து மதித்ததே கிடையாது. ஆனால் இதே கேள்விக்குச் சாப்பாட்டு மேஜையில் கணவர் சொன்ன பதில்கள் எல்லாம் அவளுக்கு நினைவிருந்தன.

“அண்ணே, உங்க புத்தகத்துல விஷயம் முதல் அத்தியாயத்துலயே முடிஞ்சு போகுது. மிச்சம் முந்நூறு பக்கம் அதுக்குச் சாட்சி கூப்பிட்டுட்டு இருக்காங்க.”

“சாட்சி இருந்தாத்தான்டா உண்மை.”

“நான் இல்லைங்கலையே. சாம்பார்... இல்ல, தண்ணியை இப்படித் தள்ளுங்க.” சண்டை நடுவில் சாப்பாட்டை நினைத்து அவர் தடுமாறுவதும், அண்ணன் சிரிப்பை அடக்குவதும் வழக்கம்.

ஒரு தடவைதான் அவர் விளையாட்டில்லாமல் பேசினார். “அண்ணே, நான் ஊர்ல பாதி வீட்டுக்குள்ள போயிருக்கேன். எல்லாம் எரியற நேரத்துல. அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம். கட்டில் தெரியும், கொடியில தொங்கற சட்டை தெரியும், சுவத்துல பாதி கருகின போட்டோ தெரியும். அணைச்சிட்டு வந்துடுவோம். நான் எழுதற அறிக்கையில ‘காரணம்: மின்கசிவு’ன்னு இருக்கும். அது நிஜம்தான். ஆனா அதுக்கு முன்னாடி அந்த வீட்ல என்ன பேசிட்டு இருந்தாங்க, அதுக்கப்புறம் எங்க போனாங்க, யாரும் எனக்குச் சொல்ல மாட்டாங்க. அந்த மிச்சத்தை யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எழுதறார். இன்னிக்குக் குடியிருக்கற வீட்டைப் பத்தி இன்னிக்கு இருக்கறவர்தானே எழுத முடியும்? அதான் புதுசா வாங்கறேன்.”

அதற்கு அண்ணன், “மோர் இருக்கா?” என்று கேட்டார்.

இப்போது தாழ்வாரத்தில் அத்தான் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். அவள் அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். தம்பியின் மரணம் பற்றிய துறை அறிக்கையின் நகல். மடிப்புகள் தேய்ந்து கிழியும் நிலையில் இருந்தது.

“பணியின்போது மாரடைப்பு. நீர் அழுத்தம் இறுதிவரை சீராக இருந்தது. பணியில் குறைபாடு ஏதுமில்லை.” மனப்பாடமாகச் சொன்னார். “மூணு வரி. மூணும் நிஜம். இதைவிடப் பெருமையா அவனைப் பத்தி எந்த நாவல்காரன் எழுதிடுவான்?”

“எல்லாம் நிஜம்தான் அத்தான்” என்றாள் அவள். “ஆனா அதுல அவர் இல்லையே.”

அவர் வாய் திறப்பதற்குள் மணி அடித்தது.

தீயணைப்பு நிலையத்தில் மணி அடித்தால் மனிதர்கள் ஓடுவதைப் பார்க்க வேண்டும். சத்தம் போடமாட்டார்கள். பெட்டி தூக்கிக்கொண்டிருந்தவன் பெட்டியை அப்படியே வைத்தான். அலமாரி துடைத்துக்கொண்டிருந்தவன் துணியை விட்டான். ஓய்வறையில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் கையிலிருந்ததைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்கள். அதிகாரி முன்னால் ஏறினார். ஒரு நிமிடம் ஆவதற்குள் கொட்டகை காலி. அச்சகம் ஒன்றின் பின்கட்டில் புகை என்று மைக்கில் குரல் கேட்டது.

அந்தக் குரலுக்கு உரியவளை எல்லோரும் மைக் அக்கா என்பார்கள். கன்ட்ரோல் ரூமில் போனையும் வயர்லெஸையும் பார்த்துக்கொள்கிறவள். நிலையத்தில் மைக் அக்காவும், அவளும், அத்தானும் மட்டும் மிஞ்சினார்கள்.

அவள் கன்ட்ரோல் ரூமுக்குப் போய் உட்கார்ந்தாள். மைக் அக்கா ஒரு காதில் கருவியை மாட்டிக்கொண்டே தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். அத்தானுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அவருடைய காலடி படிப்பறைக்கும் ஓய்வறைக்குமாகப் போய்வரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அடுக்குகிறார், துடைக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் கையைத் தட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். “என்ன பசங்க இவங்க! புத்தகத்தை இப்படியா கவுத்துப் போடறது? முதுகு உடைஞ்சு போகாது? மூணையும் எடுத்து மூடி, அடுக்கி, மேல நம்ம கலைக்களஞ்சியத்தை பாரமா வெச்சிருக்கேன். நேராயிடும்.”

மைக் அக்கா கருவியைக் காதிலிருந்து இறக்கினாள். “மூணா சார்?”

“ஆமா. கட்டில்ல ஒண்ணு, நாற்காலியில ஒண்ணு. ஜன்னல் திட்டுல ஒண்ணு, பச்சை அட்டை. அதுல ஒரு விரக்கடை தூசி. சுத்தியும் துடைச்சிருக்காங்க, அதை மட்டும் துடைக்கலை. எப்படி இருக்கு பாருங்க!”

அவள் தேநீர்க் கோப்பையை மேஜையில் வைத்தாள். அது மேஜையில் இடித்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

“சார்,” என்றாள் மைக் அக்கா மெதுவாக, “இங்க ஒரு பழக்கம் இருக்கு. மணி அடிச்சா படிக்கறதைக் கவுத்து வெச்சிட்டுப் போவோம். வெச்சவங்க திரும்பி வந்துதான் எடுக்கணும். வேற யாரும் தொட மாட்டோம். அதிகாரியே ஆனாலும் தொட மாட்டார். அந்தப் பச்சை அட்டை... அது உங்க தம்பி அன்னிக்கு வெச்சிட்டுப் போனது.”

நிஜம் என்று பெயர் வாங்கியவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். “பதினொரு மாசமாவா?”

“ஆமா சார்.”

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். “உனக்குத் தெரியுமா?”

“தெரியும் அத்தான்.”

எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியாது. பலமுறை அந்த ஜன்னல் வரை வந்திருக்கிறாள். குனிந்து பார்த்திருந்தால்கூடப் பக்க எண் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. கணவர் எங்கே நிறுத்தினாரோ அந்த இடம் இன்னும் திறந்தே இருக்கிறது என்பது அவளுக்குப் போதுமாக இருந்தது.

அத்தான் ஓடினார். அறுபத்தாறு வயது மனிதர் ஓடி அவள் பார்த்ததில்லை. பச்சை அட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் முதுகில் நிற்கவைத்து, மெல்ல விட்டார். “எங்க ரொம்ப நாள் திறந்திருந்ததோ அங்க தானா திறக்கும்.” திறந்தது. தொண்ணூற்றாறு. மறுபடி விட்டார். நூற்று நாற்பத்தொன்பது. இன்னொரு முறை. நூற்று இருபத்தொன்று. பிறகு நூற்று முப்பத்து மூன்று.

“என்ன புத்தகம்டா இது!”

“அவருக்கு முன்னாடி நாங்க ரெண்டு மூணு பேர் படிச்சோம் சார்,” என்றாள் மைக் அக்கா. “எங்களுக்கும் மணி அடிக்குமில்ல?”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் தம்பி சம்பந்தப்பட்டு அவர் செய்த ஒரே தவறு இதுதான் என்பதுபோல இருந்தது அவர் முகம். அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்ததும்தான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் கோபம் வழி தெரியாமல் நின்றுவிட்டது.

“அத்தான், ஒண்ணு எனக்குத் தெரியும்,” என்றாள். “டூட்டி முடிஞ்சு வந்தா, நான் காய் நறுக்கறப்ப, அன்னிக்குப் படிச்ச வரைக்கும் கதையைச் சொல்லுவார். கடைசியா சொன்ன இடம் ஞாபகம் இருக்கு.”

“சொல்லு.”

“ஒரு பொண்ணு. அடுக்குமாடியில தனியா இருக்கா. எதிர்வீட்டு அம்மா, ரெண்டு நாள்ல வந்துடறேன்னு சாவியைக் குடுத்துட்டுப் போனவங்க, வரவே இல்லை. மாசக்கணக்காகுது. இவ சாவியை எடுத்துக்கிட்டுப் போய் அந்தக் கதவு முன்னாடி நிக்கறா, திரும்பிடறா. மூணாவது தடவையும் திரும்பிடறா. அதுவரைக்கும் சொன்னார்.”

“இது நிஜமா நட...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். “எந்தப் பக்கத்துல வருது?”

“தெரியாதே.”

“பின்னாடி ஒரு பொருளடைவுகூட இல்லை!” தாளைப் புரட்டினார். “மூணாவது தடவை, மூணாவது தடவை...” தொண்ணூறாம் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். முதலில் விரலை ஓட்டித் தேடினார். பிறகு விரல் மெதுவாகியது. பிறகு நின்றுவிட்டது. நூற்றுப் பன்னிரண்டில் நிமிர்ந்தார். “இருக்கு. மூணாவது தடவை திரும்பறா.”

அங்கிருந்து பொறியாளர் வேலை செய்தார். “அன்னிக்கு டூட்டி எத்தனை மணிக்கு?”

“எட்டு,” என்றாள் மைக் அக்கா. “ஒன்பது வரைக்கும் வண்டி சோதனை. மணி அடிச்சது பத்து நாப்பதுக்கு. பதிவுல இருக்கு.”

“நூறு நிமிஷம். அவன் மணிக்கு எத்தனை பக்கம் படிப்பான்?”

“இருபது,” என்றாள் அவள். “நல்ல இடம் வந்தா அதுவும் இல்லை. திரும்பத் திரும்பப் படிப்பார்.”

“நூத்திப்பன்னெண்டுலேருந்து முப்பத்திமூணு பக்கம். நூத்திநாப்பத்தஞ்சுக்கு மேல போயிருக்க முடியாது. அப்ப நூத்திநாப்பத்தொன்பது இவங்க யாரோ. மிச்சம் நூத்தி இருபத்தொண்ணு, நூத்தி முப்பத்திமூணு. ரெண்டுல ஒண்ணு.” அதற்குமேல் கணக்கு நகரவில்லை. அவர் மறுபடி புத்தகத்துக்குள் குனிந்தார். இந்த முறை எதையும் தேடுகிற மாதிரி தெரியவில்லை. சட்டைப் பையிலிருந்த அறிக்கை சாய்ந்து மேஜைமேல் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை.

வயர்லெஸில் செய்தி வந்தது: அச்சகத்தில் காகிதக் குவியல் மட்டும்தான், யாருக்கும் ஒன்றும் இல்லை, தணிக்கிறோம். மைக் அக்கா நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.

“ஐயையோ,” என்றார் அத்தான் புத்தகத்திலிருந்து. “கதவைத் திறந்துட்டா.”

“யாரு?” என்றாள் அவள், தெரிந்தும்.

“இந்தப் பொண்ணுதான். பால்கனியில செடி வாடிக் கிடக்குன்னு வெளியிலிருந்து பாத்திருக்கா. செடிக்குத் தண்ணி ஊத்த மட்டும் உள்ள போறாளாம். வேற எதையும் தொட மாட்டாளாம்.”

மைக் அக்கா எழுந்தே விட்டாள். “சார், அது எந்தப் பக்கம்?”

“நூத்தி முப்பத்திரண்டு கடைசி.”

“அண்ணி!” அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “அன்னிக்குக் காலையில அவர் அந்த ஜன்னல்கிட்ட இருந்து சத்தமா சிரிச்சார். என்ன சார்னேன். ‘மைக்கு, தண்ணி ஊத்தத்தான் போறாளாம், நம்ம கட்சிடி இவ’ன்னார். நான் இதைப் பெருசா நினைக்கலை, உங்ககிட்ட சொல்லவும் தோணலை. அடுத்த நிமிஷம் மணி அடிச்சுது. நான்தான் அடிச்சேன்.”

பதினொரு மாதமாக அவளுக்குள் அந்தப் பெண் கையில் சாவியோடு மூடின கதவு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாள். அவரும் அங்கேயே நின்றுவிட்டார் என்றுதான் நினைத்திருந்தாள். இல்லை. கதவு திறந்ததை அவர் பார்த்திருக்கிறார். பார்த்துச் சிரித்திருக்கிறார். சிரித்த முகத்தோடு வண்டியில் ஏறிப் போய், முள்ளை அசையவிடாமல் பத்து நிமிடம் பிடித்திருக்கிறார். அவளுடைய ஆள். அவளுக்கு முதுகு தானாக நிமிர்ந்தது.

“நூத்தி முப்பத்திமூணு,” என்றார் அத்தான். கண்ணாடியைக் கழற்றினார். இந்த முறை துடைத்தது கண்ணாடியை அல்ல. “‘நம்ம கட்சி’ன்னானா?”

“ஆமா சார்.”

“நான் நாப்பது வருஷம் தண்ணி வாரியத்துல இருந்தவன். நானும் அந்தக் கட்சிதான்.” சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. மேஜைமேல் கிடந்த அறிக்கையை எடுத்து, பழைய மடிப்பிலேயே மடித்து, பையில் வைத்தார். பிறகு மைக் அக்காவைப் பார்த்து, “நீங்க படிச்சீங்கன்னீங்களே. அந்த அம்மா திரும்பி வர்றாங்களா, இல்லையா?” என்றார்.

“சொல்ல மாட்டேன் சார்.”

“ஒரு வார்த்தை.”

“படிச்சுக்குங்க சார். இதெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்கறதா?”

அவர் எழுந்தார். தாழ்வாரத்தில் முதல் பெட்டியை நகர்த்திப் பார்த்தார், நகரவில்லை. அவள் ஒரு பக்கம் பிடித்தாள். இரண்டு பேரும் எட்டுப் பெட்டிகளையும் இழுத்து உள்ளே கொண்டுபோனார்கள். நடு அலமாரி முழுவதையும், கண்ணுக்கு நேராக இருக்கும் இரண்டு தட்டுகளையும், அவர் தன் கையால் காலி செய்தார். பாலங்களும் மூளையும் கீழ்த்தட்டுக்கு இறங்கின. தேனீக்களை மட்டும் அவள் விடவில்லை. “அது நல்ல புத்தகம் அத்தான். அதுவும் இங்கயே இருக்கட்டும்” என்று நாவல்களுக்கு நடுவில் செருகினாள்.

“பட்டியல் தப்பாயிடுமே,” என்றார், பழக்கத்தில்.

“ஆகட்டுமே.”

வண்டி திரும்பியபோது மூன்றரை. முகமெல்லாம் கரியோடு வந்தவர்களிடம் அவரே போய், மற்ற இரண்டு புத்தகங்களை மூடியதற்கு மன்னிப்புக் கேட்டார். ஒருவன் தலையைச் சொறிந்தான். “பரவாயில்லை சார். நான் இன்னும் முதல் பக்கம்தான்.” மற்றவன் மட்டும் முகத்தைத் தூக்கிக்கொண்டு தன் பக்கத்தைத் தேடப் போனான்.

பச்சை அட்டையை நூற்று முப்பத்து மூன்றில் திறந்து மறுபடி ஜன்னல் திட்டில் கவிழ்க்கலாமா என்று அவர் அவளிடம் கேட்டார்.

“வேண்டாம் அத்தான். அவர் நிறுத்தின இடம் இப்ப தெரிஞ்சுபோச்சு. அங்கிருந்து நீங்க படிங்க. முடிச்சிட்டு எனக்குக் குடுங்க. காய் நறுக்கறப்ப வந்து சொன்னாலும் சரி.”

நான்கு மணிக்கு எல்லோரும் வெளியே கூடிவிட்டார்கள். பெயர்ப் பலகையின்மேல் துணி போட்டிருந்தது. யாரோ அத்தானைத் தேடினார்கள். அவர் படிப்பறையில் புது மேஜைமுன் உட்கார்ந்து, நூற்று நாற்பதைத் தாண்டிக்கொண்டிருந்தார். இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் எழுந்து வந்தார், வேண்டாவெறுப்பாக, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு.

துணியை அவள்தான் விலக்கினாள். கணவருடைய பெயர், அதன்கீழே ‘பம்ப் ஆபரேட்டர்’. அதற்குக் கீழே எதுவும் வேண்டாம் என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். பஞ்சுக் கிடங்குக்குள் அன்று ஹோஸ் பிடித்திருந்த இருவரும் தட்டவில்லை. விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார்கள். அவள் அழவில்லை. அந்தப் பெயரை அவ்வளவு பெரிய எழுத்தில் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த எழுத்து அவருக்குச் சரியான அளவில்தான் இருந்தது.

போட்டோவுக்காக அதிகாரி முதலில் அறைக்குள் போனார். மேஜையின் நடுவில் பச்சை அட்டைப் புத்தகம் ஒன்று திறந்தபடி கவிழ்ந்து கிடந்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த போட்டோக்காரர், படத்தில் நன்றாக இருக்காதே என்று அதை எடுக்கக் கையை நீட்டினார்.

“தொடாதீங்க!” என்று வாசலிலிருந்து சத்தம் போட்டார் அத்தான். கூட்டமே திரும்பிப் பார்த்தது. “ஆள் இருக்கேன். இதோ வர்றேன்.”